கம்புச் செதிலுக்குள் ஓர் உப்புப் பொட்டலம்

போன மாதம் என் மகள் கயல்விழி சென்னையிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். வீட்டுக்கு வாங்குகிற பொருள் எதுவானாலும் உள்ளூரில் செய்ததாக இருக்க வேண்டுமாம். பல்பொடி, சோப்பு, துடைப்பம் வரைக்கும் அவளுக்கு ஊர் தெரிந்தாக வேண்டும். நான் போட்டிருந்த சட்டையின் காலரைக்கூடத் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அவளுடைய பிரசங்கத்திலிருந்து தப்பிக்க நானே காரை எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டு தாண்டி இருக்கிற ஒரு கடைக்கு அவளை அழைத்துப்போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே கீற்றுக்கூரை, உள்ளே ஏசி. செக்கு எண்ணெய், பனங்கற்கண்டு, மண்சட்டி எல்லாம் வரிசையாக அடுக்கியிருப்பார்கள்.

கயல் ஓர் அலமாரியின் முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"இத பாருப்பா. வெளிநாட்டுக்காரன் டப்பாவையே வாங்கிட்டு இருக்கோம். நம்ம மரக்காணத்துலயே கம்பு ஃப்ளேக்ஸ் செய்றாங்களாம். பாப்பாவுக்குக் காய்ச்சிக் குடுக்கலாம்."

பழுப்புக் காகிதப் பை. உள்ளே இருப்பது தெரியாது. மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டதால் மேலே எழுதியிருந்ததையும் என்னால் படிக்க முடியவில்லை. கையில் வாங்கினேன். வாங்கியதும் என் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, பையின் அடி மூலைக்குப் போய் அழுத்திப் பார்த்தது. இருபத்தெட்டு வருஷமாகச் செய்யாத காரியம். சருகுபோல நொறுங்கும் செதில்களுக்கு நடுவில், மணலை முடிந்து வைத்ததுபோல் ஒரு சின்னப் பொட்டலம் தட்டுப்பட்டது.

"வெச்சிடு" என்றேன்.

"ஏம்பா?"

"வெச்சிடுன்னா வெச்சிடு. கொழந்தைக்கு இதெல்லாம் வேணாம்."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கல்லாவில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். மகளிடம் அன்று சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கயல் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் மரக்காணத்தில் இதேபோல் கம்புச் செதில் செய்த ஓர் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தமே நான்கு பெண்கள், ஒரு முதலாளி, நான். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பட்டமே போதையாக இருந்தது. காதில் பென்சில் சொருகிக்கொண்டால்தான் சூப்பர்வைசர் என்று எங்கேயோ பார்த்து வைத்திருந்தேன். காலையில் தலை வாரியதும் பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டு இறங்குவேன். அதை எடுத்து எதையாவது எழுதியதாக ஞாபகம் இல்லை.

முதலாளி ஜமால் பாய். துபாயில் ஒரு பெரிய கடையில் பதினோரு வருஷம் சாமான் அடுக்கிவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய பிரிவு காலை உணவு டப்பாக்கள். அடுக்கி அடுக்கி, அந்த அட்டை டப்பாக்கள் மேல் அவருக்கு ஒரு கோபம் வந்துவிட்டது.

"அவன் சோளத்த நசுக்கிக் காய வெச்சு பால்ல போட்டுத் துன்றான். அத ஒலகம் பூரா விக்கிறான். நம்ம கம்பு இன்னா பாவம் பண்ணுச்சு, சொல்லுப்பா" என்பார்.

வேலை போய்விடக் கூடாதே என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

உப்பளத்தை ஒட்டிப் பாழடைந்து கிடந்த ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். முன்பு உப்பு மூட்டை அடுக்கிய இடம். சுவரில் இடுப்புயரத்துக்குச் செங்கல் உதிர்ந்து, கை வைத்தால் பொடியாகக் கொட்டும். பூட்டு மூன்று மாதம் தாங்காது. மழைக்காலத்தில் தரை தானாக வியர்க்கும். அந்த இடத்தில் போய், மொறுமொறுவென்று இருக்க வேண்டிய ஒரு பண்டத்தைச் செய்ய ஆரம்பித்தோம். கம்பை ஊறவைத்து, வேகவைத்து, அவல் மெஷினில் நசுக்கி, இரும்புச் சட்டியில் வறுத்தால் அந்த வாசனை சாலை வரைக்கும் போகும். பாயின் பையில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சு வந்தபோது, எனக்குள் இருந்த தமிழ்ப்பற்று விழித்துக்கொண்டது. "கம்புச் செதில்" என்று எழுதிக் கொடுத்தேன். எக்கியார்குப்பத்துப் பெட்டிக்கடையில் பையை வாங்கிப் பார்த்த மீன்காரம்மா, "செதிலு எதுக்கு? மீனு எங்க?" என்று கேட்டாள். பாய் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. பத்து நாளில் கடைக்காரர்கள் பைகளைத் திருப்ப ஆரம்பித்தார்கள். கடல் காற்றில் செதில் நமத்துப்போய், பிய்த்தால் இழுபட்டது. பாய் துபாய் செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்து காட்டினார். ஈரத்தை இழுக்கும் மணிகள் அதற்குள் இருக்குமாம். அதை மெட்ராசில்தான் வாங்க வேண்டும், மூட்டைக்கணக்கில் வாங்கினால்தான் தருவார்கள் என்று கவலையோடு சொன்னார். வறுக்கும் சட்டியிடம் நின்றிருந்த முனியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

முனியம்மா உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் வந்தவள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். பாதம் முழுக்க வெடிப்பு. பேசினால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"இதுக்கு ஏன் மெட்ராசு போறீங்க பாய்? எங்க ஊட்டுல நெருப்புப் பெட்டியும் அப்பளமும் நமுத்துப் போவாம எப்புடி இருக்குதுன்னு நெனச்சீங்க?"

உப்பளத்து ஆட்களின் வழக்கம் அது. பருவம் முடிகிற சமயத்தில் பாத்தியில் கடைசியாக நிற்கும் நீரில் படிகிற உப்பு கசக்கும். விற்க முடியாது, வரப்பில் கொட்டிவிடுவார்கள். ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். அதை வறுத்துத் துணியில் முடிந்து தகர டப்பாவில் போட்டுவைத்தால் உள்ளே இருக்கிற அப்பளம் ஆறு மாதம் கழித்தும் உடையும். மறுநாளே அவள் ஒரு கூடை உப்பைச் சுமந்து வந்து வறுத்தாள். வெள்ளைக் காகிதத்தில் இரண்டு கரண்டி மடித்துப் பையில் போட்டோம். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் செதில் பல்லில் நொறுங்கியது. பாய் முனியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "ஏம்பா, மேல சாப்புடாதீங்கன்னு போட்ரு. மறந்துடாத."

மறக்கவில்லை. திண்டிவனம் போய் ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தேன். சாப்பிடாதீர்கள் என்று போட்டால் சாதாரணமாக இருக்கிறதே என்று "உண்ணத் தகாதது" என்று வெட்டச் சொன்னேன். பொட்டலம் மடிப்பது முனியம்மாவின் வேலை. முத்திரை குத்தி, பையில் போட்டு, வாயை ஒட்டுவது என் வேலை. முதல் நாள் நாற்பது பொட்டலத்தில் ஊதா மையால் குத்திப் பையில் போட்டு, வாயை மறுநாள் ஒட்டலாம் என்று விட்டேன். காலையில் வந்து பார்த்தால் உப்பு நீர் விட்டு, மை ஊறி, செதிலெல்லாம் ஊதா. ஒரு எழுத்துகூட நிற்கவில்லை. பாய் வருவதற்குள் அந்த நாற்பதையும் கழுவேலி ஏரியில் கொட்டிவிட்டு வந்தேன். வேறு மை கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் பாண்டியிலிருந்து நிறைய கேட்டிருந்தார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்கு அடுத்த வாரமும் விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அது பெரிதாகவே படவில்லை. கட்டிலுக்கடியில் உப்பு மூட்டை கிடக்கும் வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் உப்பில் நிற்போம், உட்காருவோம், காயத்துக்கு வைப்போம். உப்புக்கு யாராவது எச்சரிக்கை போடுவார்களா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பாய் எப்போதாவது கேட்பார். முனியம்மா மடித்த பொட்டலங்களைத் தட்டில் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"எழுத்து போட்டீங்களா சார்? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க சொன்னா சரி."

"ஆச்சு, ஆச்சு" என்பேன்.

ஐப்பசி பிறந்து, மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கொட்டகையில் நானும் முனியம்மாவும்தான் இருந்தோம். கடலை விட்டு உள்ளே தள்ளி, இரும்பை கிராமத்துக்கும் அப்பால் இருக்கும் ஒரு ஊரிலிருந்து ஒரு விவசாயி டிவிஎஸ் ஐம்பதில் நனைந்துகொண்டே வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. சண்டைக்கு வந்தவர்போல் தெரியவில்லை. மடியிலிருந்து எங்கள் பையையும் கிழிந்த வெள்ளைக் காகிதம் ஒன்றையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது இன்னாதுங்க? டாக்டர் கேக்குறாரு. எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

அவர் மனைவி பத்து மாதக் குழந்தைக்கு எங்கள் செதிலைக் கஞ்சியாகக் காய்ச்சியிருக்கிறாள். நம்ம ஊர்ப்பக்கம் செய்தது, கலப்படம் இருக்காது என்று தேடி வாங்கினாளாம். உள்ளே பொட்டலத்தைப் பார்த்ததும், நூடுல்ஸ் பாக்கெட்டில் மசாலாப் பொட்டலம் இருக்குமே, அதுபோல் ருசிக்குப் போடுவது என்று நினைத்து முழுசாகக் கொட்டி, வெல்லமும் கலந்து ஊட்டிவிட்டாள்.

"நேத்து கிருத்திகைங்க. விரதம். அதனால அவ வாயில வெச்சுப் பாக்கல" என்றார்.

குழந்தை வாந்தி எடுத்து, தண்ணீர் தண்ணீர் என்று தவித்து, காலையிலிருந்து அழக்கூட இல்லையாம். பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

"உப்புதாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "உப்புதானா? நான் வேற ஏதோ மருந்துன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முனியம்மா குறுக்கே வந்தாள். அது கசக்கிற உப்பு, கடைசி நீர் உப்பு என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பிக் கேட்டார்.

"இது மேல ஒண்ணுமே எழுதலியேங்க? அவ எட்டாவது படிச்சவ. எழுதியிருந்தா படிச்சிருப்பாளே."

நான் இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களை யோசித்துவிட்டேன். அன்றைக்கு வந்தது ஒன்றுதான்.

"எழுதியிருந்துச்சுங்க. உப்பு நீர் விட்டு அழிஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முனியம்மா மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்த மனிதருடைய வண்டியிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்து மழையில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் திரும்பினார். எங்களைப் பார்த்து, "புள்ள போயிடுச்சி" என்றார். சாவுச் செய்திக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியை முணுமுணுத்தார். வெகுநேரம் வறுக்கும் சட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார், முத்திரை குத்தினாயா இல்லையா என்று. குத்தினேன் பாய், அழிஞ்சிருக்கும் என்றேன். இரண்டாவது தடவை சொன்னதால் அது இன்னும் சரளமாக வந்தது.

போலீஸ் வரும் என்று நான் தினமும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பெற்றவர்கள் புகார் கொடுக்கவில்லை. "அவங்க எழுதித்தான் வெச்சிருக்காங்க, மழைல அழிஞ்சா அவங்க இன்னா பண்ணுவாங்க, எங்க நேரம்" என்று அந்தத் தகப்பன் பாயிடம் சொல்லி அழுதாராம். என் பொய்யை அவர் எங்களுக்கு ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தார். பாய் கடை கடையாகப் போய்ப் பைகளையெல்லாம் வாங்கிவந்து, உப்பளத்து ஓரம் குழி வெட்டிப் புதைத்தார். மாசி மாதம் மறுபடி துபாய்க்கே போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பு இல்லப்பா, மனசுல வெச்சிக்காத" என்றார்.

முனியம்மா கடைசியாகச் சம்பளம் வாங்க வந்த அன்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"என் உப்புதான் சார் அந்த எழுத்தத் துன்னுடுச்சி. நான்தான அத கொண்டாந்தேன்."

இல்லை முனியம்மா, எழுத்தே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "விடு, விடு" என்றேன்.

போன மாதம் அந்தக் கடையிலிருந்து காரை நேராக வீட்டுக்கு ஓட்டினேன். மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். பால் பொங்குகிற வாசனையோடு வறுத்த கம்பின் வாசனையும் சேர்ந்து வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து ஓடினேன். எனக்குத் தெரியாமல் அவள் அந்தப் பையை வாங்கி வந்திருக்கிறாள். வெட்டிய பை அடுப்பு மேடையில் கிடந்தது. பாத்திரத்தில் கஞ்சி கொதிக்கிறது. குழந்தை தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறது. பொட்டலத்தைக் காணவில்லை.

"அந்தப் பொட்டலம் எங்க? உள்ள போட்டுட்டியா?"

"ஏம்பா இப்பிடிக் கத்துற? இதோ இருக்குது." அவள் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதுபோல் மூடியிருந்த கையை விரித்தாள். "இத போடக் கூடாதாம். அதான் எழுதியிருக்குதே."

வாங்கினேன். இரவே பையைப் பிரித்துவிட்டாள் போலிருக்கிறது; உப்பு நீர் விட்டு, காகிதம் சொதசொதவென்று நனைந்திருந்தது. நாக்கில் வைத்தேன். அதே கசப்பு. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். நனைந்த காகிதத்தின் இரண்டு பக்கமும், வயதான பிறகு எழுதப் பழகிய ஒருவருடைய கோணல்மாணலான எழுத்து.

"உப்பு. வாயில வெக்காதீங்க. புள்ளைங்களுக்கு ஆவாது."

பையின் பின்பக்கம் செய்தவர் பெயர் இருந்தது. முனியம்மா, உப்பளத் தெரு, மரக்காணம்.

கட்டைவிரலால் எழுத்தின் மேல் தேய்த்தேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காகிதம் பிய்ந்து வந்தது, எழுத்து கலையவில்லை. பென்சிலால் எழுதியிருந்தாள்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. அந்த இடத்தில் நீச்சல் குளம் வைத்த ஒரு விடுதி நிற்கிறது. பாய் துபாயிலேயே இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தாய் தகப்பனுடைய ஊர்ப் பெயரையே நான் மெல்ல மெல்ல மறந்துவிட்டேன், அல்லது மறக்கப் பார்த்தேன். எல்லாம் போனாலும் என்னிடம் ஒன்று மிச்சமிருந்தது. என்ன செய்திருந்தாலும் அந்த ஊரில் எழுத்து நிற்காது, நான் குத்தியிருந்தாலும் அழிந்துதான் போயிருக்கும் என்பது. இத்தனை வருஷம் அதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

"யாருப்பா அந்த முனியம்மா? தெரிஞ்சவங்களா?" என்று கயல் கேட்டாள். "ஏன் காதையே புடிச்சிட்டு நிக்கிற?"